சதுரமா வெட்டுனா மருந்து, உருட்டிப் புடிச்சா பலகாரமா?

ஓட்ஸ் பார் பண்ணப் போறியாமே கண்ணு? பண்ணு, பண்ணு. ஆரு வேண்டாங்கறா? ஆனா அடுப்பு பத்த வெக்கறதுக்கு முந்தியே ஊட்டுல ஒரு லாரிச் சாமான் எறங்கிருச்சாம். கிராம் காட்டற தராசு. ரப்பர் அச்சு. ஒட்டாத காயிதம் ஒரு சுருள். சூடு பாக்கற ஊசி. சியா வெதை, பூசணி வெதை, உலந்த கிரான்பெரி, பாட்டில்ல தேன். கலியாணத்துக்குச் சமையக்காரன் குடுக்கற சீட்டுகூட இத்தனை நீளம் வராது. அத்தனையும் எதுக்கு? வெடியால ஒரு துண்டக் கடிச்சுக்கிட்டே கம்பெனி பஸ் புடிக்க.

உங்கம்மா கடலையும் எள்ளும் வெல்லமும் போட்டு உருட்டிக் குடுத்தா, "அய்யோ, சக்கரை ஏறிரும்"ங்கற. அதையே நீ வட்டல்ல கொட்டி, பட்டையா வெட்டி, காயிதத்துல சுத்துனா "ஹெல்தி"ங்கற. ஏன் சாமி, கத்தி பட்டதும் வெல்லத்துக்குப் புத்தி வந்துருதா?

ஓட்ஸு மேல எனக்கொண்ணும் பகையில்ல. அது குளுந்த சீமைப் பயிரு. மழையும் ஈரமும் ஓயாத ஸ்காட்லாந்துல கோதுமை ஒழுங்கா வெளையாது, இது வெளையும். அந்த ஊரு ஏழபாழைக இதைக் கூழாக் காச்சிக் குடிச்சுத்தான் பொழைச்சுக் கெடந்தாங்க. 1755ல லண்டன்ல சாமுவேல் ஜான்சன்னு ஒருத்தரு பெரிய அகராதி ஒண்ணு போட்டாரு. ஓட்ஸுக்கு வெளக்கம் எழுதறப்ப, இங்கிலாந்துல குதிரைக்குப் போடறது, ஸ்காட்லாந்துல சனங்களுக்கே அதான் சோறுன்னு நக்கலா ஒரு போடு போட்டாரு. நம்ம நாட்டுலயும் வடக்க இதைப் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் வெதைக்கறாங்க. குதிரைக்கு ஆவுது, மாட்டுக்கு ஆவுது, உனக்கு ஆவாதா? தாராளமாத் தின்னு. ஆனா ஏதோ தேவலோகத்துல இருந்து எறங்கி வந்தாப்புல அதைத் தூக்கி வெச்சு ஆடாத.

அந்த ஜான்சன் நக்கல் நமக்கொண்ணும் புதுசில்ல. நெல்லஞ்சோத்து ஊர்க்காரன் நம்ம பக்கத்து ஆளப் பாத்து "களி உருண்டை"ன்னு சிரிச்ச காலம் உண்டு. நமக்கு நெல்லஞ்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும். மத்த நாளெல்லாம் ராயிக் களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு. ஒறம்பரை வந்தாத்தான் அரிசி உலையில ஏறும். ரேசன் அரிசி வந்துது. அப்பாடான்னு களியக் கைகழுவுனோம். இப்ப என்ன ஆச்சு? ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது. அதே வருசம் தருமபுரி, நீலகிரி ரேசன் கடைகள்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராயி குடுக்க ஆரம்பிச்சாங்க. தருமபுரி 1965 வரைக்கும் நம்ம சேலம் ஜில்லாதான், தெரியுமில்ல? எந்தச் சனத்தக் களின்னு கேலி பண்ணுனாங்களோ அதே சனத்துக்கு, ராயில கால்சியம் இருக்குதுன்னு பாடம் நடத்தறாங்க. இருக்குதுதான். 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேலயே இருக்குது. களி கிண்டுன எங்காத்தாளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவ எலும்புக்குத் தெரிஞ்சிருந்துது.

ஏழை உட்டுட்டு ஓடுன தானியத்தப் பணக்காரன் தொரத்திப் புடிச்சுத் திங்கறான். ஸ்காட்லாந்துலயும் அதான் கதை, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலயும் அதான் கதை.

உடனே "ஆமாந் தாத்தா, அந்தக் காலமே அந்தக் காலந்தான்"னு உச்சுக் கொட்டாத. அந்தக் காலத்துல உலக்கை புடிச்சது ஆரு? கொல்லிமலைக்குப் போயிப் பாரு. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேல ஏறுனா சாமை, தினை, பனிவரகு, ராயின்னு வெளைஞ்ச காடு. ராயியாவது அப்படியே அரைச்சுக்கலாம். சாமைக்கு உமி உரிச்சாவணும். உரல்ல போட்டு இடி, பொடை, மறுபடி இடி. ஒரு வேளைச் சோத்துக்கு ஒருத்தி தோள்பட்டை கழண்டுரும். அப்பறம் குச்சிக்கெழங்கு வந்துது. நட்டோமா, புடுங்குனோமா, ஜவ்வரிசி மில்லுக்கு லாரி ஏத்துனோமா, காசு கைக்கு வந்துது. சாமைக்காடு சுருங்கிப் போச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1990கள்ல மலைக்கு வந்தப்ப, சாமையக் காப்பாத்தோணும்னா மொதல்ல உமி உரிக்கற மெசினு வேணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க. ஊரு ஊரா அந்த மில்லு வெச்சுக் குடுத்தாங்க. தானியத்தோட பெருமையப் பேசிக்கிட்டே போயிருந்தா ஒரு படி சாமை மிஞ்சியிருக்காது.

அதனால நீ ஓட்ஸ் வாங்கறதுல ஒரு நாயம் இருக்குது. இடிக்க வேண்டாம், ஊற வெக்க வேண்டாம். ஏழு மணிக்கு மில்லுக்குப் போற பொம்பளைக்கு அது பெரிய ஒத்தாசை. அதை நான் மறுக்கல. பழமைய மெச்சற ஆம்பளைக எத்தனை பேரு உலக்கையத் தொட்டிருக்கான், சொல்லு பாக்கலாம்?

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. ஓட்ஸுங்கறது என்ன? மேல்தோலை நீக்கி, ஆவி காட்டி, ரெண்டு உருளைக்கு நடுவுல உட்டு நசுக்குனது. நெல்ல ஊற வெச்சு, வறுத்து, நசுக்குனா அவலு. வேலை ஒண்ணுதான். இப்ப சாமை அவலு, கம்பு அவலுன்னு கடையில விக்கறாங்க. உன் ஓட்ஸ் வில்லைக்கு அதுவும் அம்சமா ஒத்து வரும். உள்ளூரு மாடு வெலை போவாதுன்னு ஒதுக்கி வெக்காத, ஒருக்கா ஓட்டித்தான் பாரேன்.

சரி, விசயத்துக்கு வருவோம். வில்லை வில்லையா நிக்கறது ஓட்ஸ்னாலயா? இல்ல அப்புனு. பாகுனால. தானியம் எதுவாவும் இருந்துட்டுப் போவுது. பாகு தெரிஞ்சவன் ஓட்ஸுலயும் பண்ணுவான், பொரியிலயும் பண்ணுவான். பாகு தெரியாதவன் தங்கத்துலயே செஞ்சாலும் உதுந்துதான் போவும்.

தேனை ஊத்தறேங்கற. தேன் இறுகாது கண்ணு. பிசுபிசுன்னு கையோட வரும். பிரிட்ஜுல வெச்சாத்தான் வில்லை நிக்கும், வெளிய எடுத்தா வேத்து வழியும். காவேரிக் கரையில குடியிருந்துக்கிட்டு ஒட்டறதுக்குத் தேன் பாட்டில் தேடறவன நான் என்னன்னு சொல்ல? ஜேடர்பாளையத்துல ராஜவாய்க்கால் பிரியுது. அந்தத் தண்ணியில கரும்பு. அந்தக் கரும்புல வெல்லம். பிலிக்கல்பாளையம் சந்தையில 30 கிலோ சிப்பம் சிப்பமா ஏலம் போவுது. சேலத்துக்காரனுக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டி. கேரளாக்காரன் வந்து வாங்கிட்டுப் போறான். நீ வாசப்படியத் தாண்டி எட்டிப் பாக்க மாட்டேங்கற.

வாங்கப் போறப்ப கண்ணத் தொறந்து வெச்சுக்கோ. எலுமிச்சம்பழ நெறத்துல பளபளன்னு இருக்குதா? கும்புட்டுட்டு அக்கட்டால வந்துரு. கரும்புச்சாறு கொப்பரையில காஞ்சா கறுத்துத்தான் வரும். அதை வெளுக்க வெக்கறதுக்கு ஹைட்ரோஸ் போடறவங்க உண்டு. சாறு கம்மியாப் போனா அஸ்காச் சக்கரைய மூட்டையோட அவுத்துக் கொட்டறவங்களும் உண்டு. உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க ஆலைக் கொட்டகையில பூந்து புடிச்ச சேதி பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்குது. ஆனா ஆலைக்காரன மட்டும் குத்தஞ் சொல்லி என்ன புண்ணியம்? கறுப்பு வெல்லத்தப் பாத்தா மூஞ்சியச் சுளிக்கறது ஆரு? நாமதான். மாப்பிள்ளை பாக்கறதுலதான் நெறம் பாக்கறோம், வெல்லத்துலயுமா?

இப்பப் பண்ணு, நான் சொல்றேன். மூணு பங்கா வெச்சுக்கோ. ஓட்ஸோ சாமை அவலோ ஒரு பங்கு. கடலைக்காயும் எள்ளும் சேத்து ஒரு பங்கு. வெல்லம் ஒரு பங்கு. தராசு இருந்தாத் தராசு, இல்லாட்டி டம்ளரு. மொதல்ல வறுக்கோணும். ஒவ்வொண்ணாத் தனித்தனியா, சின்னத் தீயில. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வறுத்தீன்னா எள்ளு கருகும், கடலை பச்சையா நிக்கும். ஓட்ஸ் வாசம் வந்ததும் எறக்கிரு. கடலையத் துணியில வெச்சுக் கசக்கி, மொறத்துல பொடை. மொறம் பொடைக்கத் தெரியாதா? சரி, வாசல்ல நின்னு வாயால ஊது. தெருவே பாக்கும், அது உன் பாடு.

வெல்லத்தத் தட்டி, முழுவுற அளவுக்குத் தண்ணி ஊத்தாத, அடி நனைஞ்சாப் போதும். கரைஞ்சதும் வடிகட்டு. மண்ணு இருக்கும், கரும்புச் சக்கை இருக்கும், சமயத்துல சணல் நூலுகூட வரும். மறுபடி போசிய அடுப்புல ஏத்திக் கொதிக்க உடு. இங்கதான் இருக்குது சூட்சுமம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி போயிக்கிட்டே இருக்கும், பாகுச் சூடு ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு வட்டல்ல பச்சத்தண்ணி வெச்சுக்கிட்டு அப்பப்ப ஒரு சொட்டு உட்டுப் பாரு. கரைஞ்சு போச்சா, இன்னும் ஆவல. அடியில போயித் தேங்கி, வெரல்ல எடுத்தா உருளுதா, உருட்டுப் பதம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை புடிக்கற பதம் இதான். அதையே எடுத்து வட்டல்ல போட்டா டங்குன்னு சத்தம் கேக்குதா, கடலை மிட்டாய்ப் பதம், கல்லுப் பாகு. உன் வில்லை பல்லுக்குக் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கோணுமா? உருளற பதத்துலயும் எறக்காம, டங்குக்கும் போவாம நடுவுல எறக்கு. அப்பப் பாத்தீன்னா உன் ஊசி 120 டிகிரியத் தாண்டிக் கொஞ்சம் நிக்கும். வட்டல் தண்ணியும் அதையேதான் சொல்லுது, ஓசியில சொல்லுது.

எறக்குனதும் ஒரு சிட்டிகை உப்பு, தட்டுன சுக்கு, ஏலக்கா. வறுத்ததெல்லாம் கொட்டிக் கெளறு. சூடாக் கெளறு. போன் வெச்சுப் படம் புடிக்கறேன்னு நின்னீன்னா பாகு உனக்காக நிக்காது. போசியோட கல்லாயிரும், அப்பறம் கடப்பாரைதான். ராசிபுரம் நெய் தடவுன தட்டுல கொட்டி, டம்ளர் அடிப்பாகத்தால அழுத்தி அழுத்திச் சமன் பண்ணு. வெதுவெதுன்னு இருக்கறப்பவே கத்தியில கோடு போட்டுரு. ஆறுன பொறவு வெட்டுனீன்னா அது வெட்டற பக்கம் வெட்டுப்படாது, இஷ்டத்துக்கு ஒடையும். மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு வெய்யி. ஐப்பசி மழைக்காத்துக்கு வெல்லம் ஈரத்த இழுத்துக்கும்.

முடிஞ்சுதா? இதுல ஓவன் எங்க வந்துது?

ஓவன் இல்லாம எப்படித் தாத்தாங்கறியே, ஆடி ஒண்ணாந் தேதி நீ ஊர்ல இருந்ததே இல்லியா? சேலம், நாமக்கல், ஈரோடு, கரூருன்னு காவேரி ஓடற பக்கமெல்லாம் தேங்கா சுடற நோம்பி. முத்துன தேங்காயா எடுத்து, நாரைப் பிச்சு, தரையில தேச்சுத் தேச்சு மொழுக்குனு ஆக்கோணும். பசங்க கையெல்லாம் காந்திப் போவும். கண்ணு ஒண்ணத் தொளைச்சுத் தண்ணிய எறக்கிட்டு, அந்தப் பொட்டுத் தொளை வழியா வெல்லத்தூளு, அவலு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள்ளு எல்லாத்தையும் உள்ள தள்ளோணும். அழிஞ்சிக் குச்சியச் சீவி அந்தக் கண்ணுல சொருவி, மஞ்சத் தடவி, தெருவுல நெருப்பு மூட்டி, குச்சியப் புடிச்சுக்கிட்டுச் சுத்தி நின்னு வாட்டோணும். உள்ள மிச்சமிருக்கற தண்ணியும் தேங்காப் பாலும் ஆவியாயி, வெல்லம் உருகி, பருப்பு வெந்து, ஓடு படக்குன்னு வெடிக்கும். பாரதப்போரு ஆடி ஒண்ணுல ஆரம்பிச்சுப் பதினெட்டுல முடிஞ்சுதுன்னும், அதுக்குத்தான் புள்ளையாருக்கு இந்தப் படையலுன்னும் சொல்லுவாங்க. புள்ளையாரு தின்னாரோ இல்லியோ, ஒடைச்சு எடுத்த தேங்காயோட ஒட்டிக்கிட்டு வரும் பாரு அந்தப் பூரணம்! தானியம் இருக்குது, பருப்பு இருக்குது, வெதை இருக்குது, இனிப்பு இருக்குது, புகை வாசமும் கூட. அச்சும் அதான், ஓவனும் அதான், காயிதமும் அதான். தின்னு முடிச்சா கழுவ வேண்டிய பாத்திரம் ஒண்ணுகூட இல்ல. நோவாம நோம்பி கும்புடறதுன்னு நம்மாளுக சொல்லுவாங்க. இது கை நொந்து கும்புடற நோம்பி, அதான் ருசிக்குது.

அமெரிக்காக்காரனுக தானியத்தச் சுட்டுத் திங்கறதையே எவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபுடிச்சானுக தெரியுமா? 1863ல ஜேம்ஸ் காலேப் ஜாக்சன்னு ஒரு டாக்டரு, நியூயார்க் பக்கம் ஆஸ்பத்திரி வெச்சிருந்தவரு, தவிட்டோட அரைச்ச கோதுமை மாவைச் சுட்டு, ஒடைச்சு, மறுபடி சுட்டு, கிரானுலான்னு பேரு வெச்சாரு. கல்லு கணக்கா இருக்கும். ராத்திரியே பால்ல ஊறப் போட்டாத்தான் மக்கா நாளு பல்லு எறங்கும். அப்பறம் கெல்லாக்னு இன்னொரு டாக்டரு அதே பேருல ஒண்ணு பண்ண, தகராறாயி, அவரு ஒரு எழுத்த மாத்தி கிரானோலான்னு ஆக்கிக்கிட்டாரு. நோயாளிக்குச் செஞ்ச பத்தியச் சோறு கண்ணு அது. பின்னால வந்தவங்கதான் தேனும் எண்ணெயும் ஊத்திப் பலகாரமாக்குனாங்க. பேரு மட்டும் ஆஸ்பத்திரிப் பேராவே நின்னு போச்சு.

இப்ப ஒரு கணக்குப் போடு, படிச்ச புள்ளை தானே. ஓட்ஸ்ல பீட்டா குளுக்கன்னு ஒரு நாரு இருக்குது, ரத்தக் கொழுப்பக் கொறைக்க ஒத்தாசை பண்ணுது. நெசந்தான். ஓட்ஸ் அட்டைப்பொட்டியில அதை எழுதிக்கலாம்னு 1997ல அமெரிக்க அரசாங்கமே அனுமதி குடுத்துது. ஆனா ஒரு நாளைக்கு மூணு கிராம் நாரு உள்ள போவோணும்னு கணக்கு. அதுக்கு 60, 75 கிராம் ஓட்ஸ் வேணும். உன் வில்லை எத்தனை கனம்? 45 கிராம்னு வெய்யி. நான் சொன்ன பங்குப்படி ஓட்ஸ் 15, கடலையும் எள்ளும் 15, வெல்லம் 15. அப்ப நாருக்காவ எத்தனை திங்கோணும்? நாலு. நாலுல வெல்லம்? 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குல பாத்தா ஒரு ஆளுக்கு நாளெல்லாம் சேத்தே சக்கரை 50 கிராமுக்குள்ளதான் இருக்கோணும். காப்பியில போட்டது தனி. வெல்லம்னா பரவாயில்ல, தேன்னா பரவாயில்லன்னு சமாதானம் சொல்லாத. தேனையும் அவங்க அந்தக் கணக்குலதான் சேக்கறாங்க, வெல்லமும் ஏறக்குறைய அத்தனையும் சக்கரைதான்.

நாருதான் வேணும்னா ஓட்ஸைக் கூழாக் காச்சி, ஆற வெச்சு, மோரு ஊத்தி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டுக் குடி. ஸ்காட்லாந்துக்காரனும் மெச்சுவான், கம்மங்கூழுக்காரனும் மெச்சுவான். வில்லைங்கறது பலகாரம். பலகாரமாத் தின்னு, பொழுதோட ஒண்ணு. உங்க அப்பாரு எள்ளுருண்டைய மடியில கட்டிக்கிட்டுப் போனாருன்னா வெயில்ல ஏரோட்டப் போனாரு. நீ அதைக் கடிச்சுக்கிட்டு ஏசி ரூம்புல நாற்காலியோட சுத்தறே. உருண்டையா மாறிப் போச்சு? திங்கற ஆளுதான் மாறிப் போச்சு.

புரோட்டீன் பவுடரு வேற கலக்கோணும்னு உங்க அக்கா சொல்றாளாம். அவ குடியிருக்கறது எந்த ஊரு? நாமக்கல்லு! சன்னலத் தொறந்தா கோழிப்பண்ணை நாத்தம். முட்டை ஒருங்கிணைப்புக் குழு சொல்ற நாமக்கல் வெலையப் பாத்துத்தான் எத்தனையோ ஊரு கடைக்காரன் முட்டை விக்கறான். ஒரு முட்டையில ஆறு கிராம் புரோட்டீன் இருக்குது, கடலையில நூத்துக்கு இருபத்தஞ்சு. இந்த ஊருல உக்காந்துக்கிட்டுப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்குல அழுவறவள, அம்மிணி, முட்டைய வேவ வெச்சுத் தின்னுன்னு சொன்னா மொறைக்கறா.

கடைசியா ஒண்ணு. மொத தடவை உனக்குப் பதம் தப்பும். தப்பாம ஆருக்கும் வந்ததில்ல. வில்லையா நிக்காம பொலபொலன்னு உதுந்து போச்சுன்னா அழுவாத, ஆத்தாகிட்ட ஏச்சும் வாங்காத. அப்படியே அள்ளிக் கண்ணாடிப் பாட்டில்ல போட்டு, கிரானோலான்னு சீட்டு ஒட்டிரு. வெலை வில்லைய விடக் கூட வெய்யி. வாங்கிக்குவாங்க.